தண்ணீரில் கரையாத வெள்ளைப் பொடி

பிரான்சிஸ் போய்விட்டார் என்று அவர் மனைவி மேரி போனில் சொன்னபோது மெட்ரோவில் இருந்தேன். நுரையீரல் கெட்டிருந்தது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்தும் என் ஸ்டேஷனில் இறங்க மறந்து கடைசிவரை போனேன்.

கூட வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் லேபில் லென்ஸுக்குப் பூச்சு போடுவோம். தோரியம் ஃபுளூரைடு என்ற வெள்ளைப் பொடியை, காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புத் தொட்டிக்குள் சூடாக்கினால், ஆவியாகி லென்ஸின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும். தோரியத்தைப் பிடித்த ஃபுளூரின் லேசில் விடாது. தண்ணீரிலும் கரையாது. "எங்க மாடியில குடியிருக்கிறவர் மாதிரி கோமதி மேடம். ஒக்காந்தா காலி பண்ண மாட்டாரு" என்பார் பிரான்சிஸ்.

கரையாதே தவிர, காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்லக் குடிக்கும். ஒரு மழைக்காலத்தில் அவர் ஜாடி மூடியைச் சரியாகத் திருகாமல் போய்விட்டார். மறுநாள் சூடேற்றியதும் பொடி பொரிந்து தொட்டி முழுக்கச் சிதறியது. லென்ஸெல்லாம் மங்கிப்போயின. சுத்தம் செய்ய நான் துணியை எடுத்தேன். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். "ஹொரகடே ஹோகி" என்று வெளியே போகச் சொன்னார். "என் மூடி, என் குப்பை. நீங்க போய்க் காபி குடிங்க." அன்றிலிருந்து தொட்டியைச் சுரண்டும் வேலைக்கு வேறு யாரையும் விட்டதில்லை. தோரியம் கதிர்வீசும் பொருள். அந்தப் பொடியின் கதிர்வீச்சு தோலைத் தாண்டாது. மூச்சோடு உள்ளே போனால்தான் வம்பு.

மாஸ்க் போட்டால் அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும், தொட்டியின் மூலை தெரியாது. உடனே மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிடுவார். நான் வெளியிலிருந்து லேப் கதவின் கண்ணாடியைத் தட்டுவேன். ஏற்றுவார். நான் திரும்பியதும் இறக்குவார். எத்தனை சண்டை போட்டேன், பாவி மனுஷன் கேட்டால்தானே.

காக்ஸ் டவுனில் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மேரி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"கோமதி, சிகரெட்ட தொட்டதில்ல இவரு. அந்தப் பவுடராலதானா?"

"தெரியல மேரி. டாக்டருங்களே உறுதியா சொல்லலையே."

"மாஸ்க் போட்டிருந்தாரா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "பாதி நேரம் இல்ல" என்றேன்.

"கொரோனா அப்பவும் இதே கதைதான். கண்ணாடி பனி புடிக்குதும்பாரு." சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "அப்ப நீங்க?"

"சுரண்டும்போது என்னை உள்ள விட்டதே இல்ல."

மேரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருமல் சத்தம் கேட்கிறது. லேப் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வருமே, அதே வறட்டு இருமல். பட்டப்பகலில், குக்கர் வைக்கும்போது கேட்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு அறை அறையாகப் போய்ப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன வாரம் நானும் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். "ரொம்ப க்ளீனா இருக்கு மேடம். அந்தப் பவுடர் கிட்டவே நீங்க போனதில்லையா?" என்று டாக்டர் கேட்டார். அங்கேயேதான் இருந்தேன் என்றேன்.

பிரான்சிஸ் எனக்கென்று விட்டுப்போனது அந்தச் சுத்தமான ஸ்கேன் படம் ஒன்றுதான். அதை மேரியிடம் எப்படிக் காட்டுவேன்?