கணபதி கேட்டு வாங்கிய கங்காணி

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளியைத் தாண்டி மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில், கணபதியைப் போல வேலைக்காரன் கிடையாது என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. காலையில் சங்கு ஊதி, பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு இன்ன மலை, இன்ன வேலை என்று பிரித்து விட்டால் போதும். செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியோடு முதலில் மலையேறுகிறவன் அவன்தான். அவன் வெட்டிய தேயிலை நிரையைக் காட்டித்தான் கங்காணிமார் மற்றவர்களைத் திட்டுவார்கள். அதனால் அவனுக்குக் கூட்டாளிகள் குறைவு.

அதே கணபதிதான் தொழிற்சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவன். "காலங்காலமா நம்ம தலைக்கு மேல ஒருத்தன் நின்னுக்கிட்டே இருக்கான். நமக்கு ஆளுக்கொரு துண்டு காணியக் குடுத்துட்டு, அந்த ஆள எறங்கிப் போகச் சொல்லுங்க." கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

தோட்டத்தை நடத்திய கம்பனியும் இறங்கிப் போகத் தயாராகத்தான் இருந்தது. நாட்சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று அதற்கும் ஒரு கவலை. ஆகவே குடும்பத்துக்கு ஒரு துண்டு தேயிலையைப் பிரித்துக் கொடுத்து, இனிமேல் நீங்களே முதலாளி என்றது. மண் கம்பனியுடையது. செடியும் கம்பனியுடையது. கொழுந்தைக் கம்பனியின் ஆலைக்கே போட வேண்டும். விலையையும் கம்பனியே சொல்லும். புல் மட்டும் முதலாளிக்கு. புல் மண்டினால் துண்டைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பது ஒப்பந்தம்.

முதலாளி ஆன மறுநாளிலிருந்து கணபதிக்கு வேலை ஓடவில்லை.

ஊர் அதைச் சோம்பல் என்றது. சோம்பேறி என்றால் படுத்துக் கிடக்க வேண்டாமா? கணபதி உட்காரக்கூட இல்லை. புல் வெட்டப் போவான். போகிற வழியில் மழைத்தண்ணீர் வடியும் கான் உடைந்து தண்ணீர் பாதையில் ஓடுவது கண்ணில் படும். கானைச் சரிபண்ண மண்வெட்டி வேண்டுமென்று லயத்து வீட்டுக்குத் திரும்புவான். மண்வெட்டிப் பிடி ஆடும். பிடி சீவ உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு ரேடியோ கரகரக்கும். சாயங்காலம் அவன் முன்னால் ஒரு பாதி சீவிய பிடியும் முழுதாகப் பிரித்த ரேடியோவும் கிடக்கும். கான் உடைந்தபடியே இருக்கும். புல் மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கும்.

"நாளைக்கு விடிஞ்சதும் மொத வேல அதான்" என்பான். அதைச் சொல்லும்போது அவன் பொய் சொல்லவில்லை. அவன் மனைவி சிவசக்திக்கு ஆத்திரமே அதுதான். பொய் சொல்கிற புருசனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று தோட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். தன் வாக்கைத் தானே நம்புகிறவனை என்ன செய்வது?

குடியிருக்கும் லயம் அவர்களுடையதல்ல. கோடிப்புறத்து வாழை மரம்கூட அவர்களுடையதல்ல. இந்தத் துண்டின் ஒப்பந்தத்தில்தான் முதல்தடவையாகச் சிவசக்தியின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். கம்பனியின் உதவி மேனேஜரான சின்ன துரை ஒருநாள் வந்து இடுப்புயரப் புல்லைப் பார்த்துவிட்டு, அடுத்த முறையும் இப்படியே இருந்தால் துண்டு வேறு ஆளுக்குப் போகும் என்று சொல்லிப் போனார்.

அவள் முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போய் அவன் கையில் கயிறு கட்டினாள். கயிறு கறுத்தது, புல் பச்சையாகவே நின்றது. பிறகு, அவளுடைய பிரஷர் மாத்திரை வாங்கப் பதுளைக்கு அனுப்பிய கணபதி ஒரு கொய்யாக் கன்றோடு திரும்பி வந்த நாளுக்கு அடுத்த நாள், அவனை டாக்டரிடமே இழுத்துப் போனாள். டாக்டர் நிசாந்தினி யாழ்ப்பாணத்துப் பெண். பல தடவை வரச் சொல்லி, பொறுமையாகக் கேள்வி கேட்டார்.

"சின்னனில இருந்தே இப்பிடியோ?"

"ஆமாங்க. பள்ளிக்கூடத்துல என்னைய வெளியதான் நிக்க வைப்பாங்க. வெளியதாங்க பாக்க நெறைய இருக்கும்."

"இது சோம்பல் இல்லை. ஏடிஎச்டி எண்டு சொல்லுறது. செய்ய மனம் இருக்கும், ஆனா தொடங்கேலாது. தொடங்கினாலும் மனம் வேற பக்கம் இழுத்துக்கொண்டு போயிடும்."

"அப்ப இவருக்குக் கொழுப்பு இல்லேங்கிறீங்களா டாக்டரம்மா?" என்றாள் சிவசக்தி.

"அதுவும் இருக்கலாம். அதுக்கு வேற சோதனை." டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: "விழுங்கக் குளிசை தாறன். அது மட்டும் காணாது. வேலையைச் சின்னச் சின்னனாப் பிரியுங்கோ. இத்தனை மணிக்கெண்டு குறிச்சு வையுங்கோ. பக்கத்தில ஆரையும் இருக்கச் சொல்லுங்கோ. அவை உதவி செய்ய வேண்டாம், சும்மா நிண்டாலே காணும்."

கணபதி கொஞ்சம் யோசித்தான். "அதுக்கு எங்க தோட்டத்துல பெரட்டுன்னு பேருங்க. பக்கத்துல நிக்கிறவருக்குக் கங்காணின்னு பேரு."

டாக்டர் சிரித்தார். கணபதி சிரிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது சிவசக்தி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மைக்கில என்னமோ எறங்கிப் போகச் சொன்னீங்களே, அவரு இப்ப எங்க இருக்காராம்?"

அவர் இருந்த இடம் தெரிந்ததுதான். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்ற ரெங்கம்மா, திட்டுவதற்கு ஆளில்லாமல் கோழிகளைத் திட்டிக்கொண்டு கடைசி லயத்தில் இருந்தாள்.

"அக்கா, நம்ம துண்டுல வந்து கொஞ்சம் நிக்கணும்" என்றான் கணபதி.

"நின்னு?"

"திட்டணும்."

ரெங்கம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிவசக்தியைப் பார்த்தாள். "குடிச்சிருக்கானா?"

"குடிச்சிருந்தா நானே பாத்துக்குவேன் அக்கா. டாக்டர் சொன்னது."

"திட்டச் சொல்லியா?"

"நிக்கச் சொல்லி. திட்டுறது நம்ம சேத்துக்கிறது" என்றான் கணபதி.

ரெங்கம்மா வந்து நின்றாள். கணபதியின் கண் கான் பக்கம் திரும்பும்போதே மேலேயிருந்து குரல் வரும். "என்னடா, கான் ஒன்னையக் கூப்பிட்டுச்சா? நிரைய முடிச்சுட்டுப் போ. தண்ணிதான் ஓடும், கான் எங்கயும் ஓடாது." பக்கத்துத் துண்டுக்காரர்கள் புல் வெட்டுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சொந்தக் காணிக்குக் கங்காணி வைத்த முதல் முதலாளி என்று கணபதிக்குப் பெயர் வைத்தார்கள். அவன் காதில் அது ஏறவில்லை. புல் ஒழிந்தது. உடைந்த கான் சரியானது. கொழுந்து துளிர்த்தது. ரெங்கம்மாவின் கோழிகளுக்கும் நிம்மதி.

சின்ன துரை மறுபடி வந்தபோது துண்டைப் பார்த்து அசந்துபோனார்.

"எப்படிக் கணபதி?"

"சார், பிளேன் டீ குடிக்கிறீங்களா?" என்று பேச்சை மாற்றச் சிவசக்தி இடையில் வந்தாள். கணபதி அதைக் கவனிக்கவில்லை. டாக்டர் சொன்னது, தான் சேர்த்துக்கொண்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். "ஒரு ஆள் மேல நின்னா போதும் சார். வேல தானா ஓடும்."

"உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

எனக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மட்டும் ஒரு கோளாறு என்று துரையின் முன்னால், பக்கத்துத் துண்டுக்காரர்கள் காதுபட, எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் தனியாக வெளியே நின்றது போதும்.

"எல்லாருக்கும்தான் சார்" என்றான்.

கம்பனி நல்ல யோசனையை வீணாக்குவதில்லை. அடுத்த மாதமே துண்டுக்காரர்களும் காலையில் பெரட்டுக்கு வர வேண்டும் என்றார்கள். பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து, அவரவர் துண்டுக்கு அனுப்புவார்களாம். வராதவர் துண்டு கைமாறும். நாட்சம்பளம் கிடையாது, முதலாளிக்கு எதற்குச் சம்பளம்? ரெங்கம்மாவுக்கு ஒரு தொப்பியும் விசிலும் கொடுத்து, மலை முழுதுக்கும் மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். கணபதியின் துண்டை யாரும் தொடவில்லை. மற்றத் துண்டுகளுக்கு அதுதான் மாதிரியாம்.

பக்கத்துத் துண்டு சதீஸ்குமார் அன்றைக்கே லயத்து வாசலுக்கு வந்தான். "ஏண்டா, ஒன் மண்டைக்கு நோவுன்னா எங்களுக்கு எதுக்குடா மருந்து?"

சிவசக்தி கதவைச் சாத்தினாள்.

முதல் நாள் பெரட்டுக் களத்தில் பனி விலகியிருக்கவில்லை. சனம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கணபதிக்கும் தங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு நின்றது. சிவசக்தி மட்டும் அந்த இடைவெளிக்குள் நின்றாள். சங்கு ஊதியது. ஊதிய மாத்திரத்தில் கணபதியின் மண்டைக்குள் இருந்த இரைச்சல் எல்லாம் ஒரே நிரையாக நிற்பதை அவன் உணர்ந்தான். முதுகு நிமிர்ந்தது. கை தானாகக் கத்தியைத் தேடியது. சந்தோசம்தான். மறைக்கப் பார்த்தான், முகம் அடங்கவில்லை.

"கண..." என்று ரெங்கம்மா தொடங்குவதற்குள், "இருக்கேன்" என்றான்.

மலைப்பாதையில் அவன்தான் முன்னால் நடந்தான். சிவசக்தி ஓட்டமாக வந்து பிடித்தாள்.

"ஏங்க, ஒங்களுக்குக் கொஞ்சமாச்சும் வெக்கமா இல்லையா?"

"இருக்கு" என்றான் கணபதி, நடையைக் குறைக்காமல். "ஆனா வேல ஓடுது."

மேலே விசில் ஊதியது. "அங்க என்ன புருசன் பொண்டாட்டி பேச்சு? நிரையப் பிடிங்க."

இருவரும் ஆளுக்கொரு நிரையைப் பிடித்தார்கள்.