கடைக்காரன் இழுக்காத புகைப் பேனா

எங்கள் அத்தா நூர் முகமது எதையும் நம்ப மாட்டார். கரையான்சாவடிக்கும் திருவேற்காட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தர்பூசணி வாங்கினால் முதல் துண்டு கடைக்காரன் வாய்க்குத்தான். பிரேக் சரிசெய்த மெக்கானிக்கையே பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று போய்வருவார். அவர் சந்தேகப்படாத ஒரே பொருள், சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டு.

ஆவடியில் வாழ்க்கைப்பட்ட அக்கா அதீபாவுக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அவளோ போனில் சொல்லிவிட்டாள்: "பீடி நாத்தம் அடிக்கிற ஊட்ல என் புள்ள மூச்சு உடாது. நான் மாமியார் ஊட்லயே இருந்துக்கறேன்." அன்று அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மாடியில் குடியிருக்கும் ஐ.டி. கம்பெனி விக்ரம்தான், பீடிக்குப் பதில் மின்சிகரெட் பிடிக்கலாம் என்று கிளப்பிவிட்டார். விற்கவே கூடாதென்று அரசாங்கம் தடை போட்ட சரக்கு. ஆனாலும் போன் கவர் விற்கும் உத்தமன் கடையில் ரகசியமாகக் கிடைக்கும். வேடிக்கையை விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன்.

உத்தமன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கவர்களுக்கு அடியிலிருந்து மூன்றை எடுத்து வைத்தான்.

"புச்சா ஆரம்பிக்கிறவங்களுக்கு இந்தப் பேனா மாதிரி கீதே, இதான் பாய். தீந்தா தூக்கிப் போட்டுடு. அந்தப் பொட்டி மாதிரி கீறதுல மருந்துத் தண்ணி ஊத்தணும், உனுக்கு சரிப்படாது."

"நாத்தம்?"

"மாம்பழ வாசனை."

"பீடி குடிக்கிறவனுக்கு மாம்பழம் எதுக்கு? உள்ள இன்னா கீது? நிகோட்டினா?"

"இல்லாமலா? கம்மிதான்."

"கம்மின்னு எங்க போட்டுக்கீது?"

அட்டை முழுக்கச் சீன எழுத்து.

"பில்லு குடுப்பியா?"

"இன்னா பாய், போலீசுக்கு ஆள் காட்டுறியா?" உத்தமன் முகம் வெளுத்தது. நான் சும்மா இருப்பேனா? வாசலைப் பார்த்து, "வாங்க சார்" என்றேன். மூன்றும் நொடியில் அவன் பனியனுக்குள் போயின. வெளியே ஒரு மாடுதான் நின்றது.

அத்தா சிரிக்கவில்லை. "சரி, மொதல்ல நீ ஒரு இழுப்பு இழு" என்றார்.

"நானா? ஊட்ல கைக்கொழந்த கீது பாய். இதெல்லாம் நான் தொட மாட்டேன்."

அத்தா வாங்காமலே வந்து ஆட்டோவை எடுத்தார்.

மறுநாள் விடியுமுன் எழுந்து, நோன்பு வைக்கிறவர்போல் சஹர் சாப்பாடு சாப்பிட்டார். ரமலானும் இல்லை, ஒன்றும் இல்லை. நோன்பு வைத்தால் பகலில் பீடியைத் தொட மாட்டார்; அந்த ஒரு விஷயத்தில் தன்னை நம்புவார். நோன்பு திறந்த பிறகுதான் ஆபத்து. அதனால் அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனவர், இரவு இஷா தொழுகை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்துகொண்டார். வந்ததும் படுக்கை. தினமும் இதே கதை. அம்மா என்னைத் தனியே இழுத்து, "இந்தாளு எதையோ மறைக்கிறாருடா. சீக்கு கீக்கு வந்துக்கீதா?" என்றார். நான் ஆட்டோவைக் குடைந்து பார்த்தேன். ஒரு துண்டு பீடிகூட இல்லை. பழைய நாற்றம் போக, சீட்டு உறைகளைக் கழற்றித் துவைத்துப் போட்டேன். அத்தா கேட்டதற்கு, மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

விஷயத்தை நான் போனில் சொன்ன சில நாளில், அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். அத்தாவின் மகளாயிற்றே! அவர் விரல்களை முகர்ந்தாள், காலரை முகர்ந்தாள், தாடியருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

"சட்டையில நாறுதே?"

"சவாரி வந்தவன் ஊதினான்மா."

"கை ஏன் நடுங்குது?"

"உட்டா கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் இருக்குமாம். டாக்டர் சொன்னாரு."

"டாக்டர் சொன்னத நீங்க நம்பிட்டீங்களா?"

"இல்ல. இன்னொரு டாக்டரையும் கேட்டேன்."

அக்கா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "டேய் சாஹில், இன்னா பாத்துகினு நிக்கிற? நான் வந்த வண்டி தெருமுனையில நிக்குது. போய் என் பொட்டிய எறக்கு."