தேவனாம்பட்டினத்து ஏலமும் சிதம்பரத்துப் பேச்சும்

ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. அதன் புண்ணியத்தில் டாக்கா, யாங்கூன், கொழும்பு என்று பல வருடம் சுற்றியிருக்கிறேன். போன ஜனவரியில் பள்ளி ஆசிரியையான என் தோழி ரேவதி, சிதம்பரத்தில் அவள் நடத்தும் வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டாள். ஆசிய நாடுகளில் மதவெறி இயக்கங்கள் எப்படி அதிகாரத்துக்கு வருகின்றன என்பது தலைப்பு. "படிச்சத விடு, பாத்தத சொல்லு" என்றாள். பார்த்தது நிறைய இருந்ததால் தைரியமாகக் கிளம்பிவிட்டேன்.

கடலூர் செம்மண்டலத்தில் அவள் வீட்டில் தங்கினேன். விடிந்ததும் மீன் வாங்க தேவனாம்பட்டினம் போனோம். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். கரையில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் கலா. ரேவதிக்குப் பல வருடமாக மீன் கொடுப்பவர்.

வாங்க வந்தவர்களில் ஐஸ் பெட்டி வைத்த வேனோடு ஒரு பெரியவரும் இருந்தார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்போது இரண்டு பைக்கில் வெளியூர் இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். இனிமேல் பாய்க்கு யாரும் மீன் கொடுக்கக் கூடாது என்றார்கள். ஒருவன் போனில் படம் எடுத்தான். கரை கப்சிப் என்று ஆகிவிட்டது.

யாங்கூனில், எந்த மதத்தவர் கடையில் வாங்கலாம் என்று சொல்லும் ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டபோதும் தெரு இப்படித்தான் வாயை மூடிக்கொண்டது.

ஊர்ப் பஞ்சாயத்துக்காரர் ஒருவர் சமாதானமாக வந்தார். "கலா, இன்னிக்கு ஒரு நாளு வுட்டுடு. எதுக்கு வம்பு?"

பாயும் வேன் கதவைச் சாத்தினார். "நான் கெளம்புறேம்மா. என்னால உங்களுக்கு எதுக்குத் தொல்லை?"

"இருங்க பாய்" என்ற கலா பஞ்சாயத்துக்காரரிடம் திரும்பினார். "மாமா, இன்னிக்கு இவுரு வாங்கக் கூடாதும்பாங்க. நாளைக்கு யாரு வாங்கணும், என்னா வெலைக்கு வாங்கணும்னு அவுங்களே சொல்லுவாங்க. அப்பறம் ஏலம் எதுக்கு, நீங்க எதுக்கு?"

கலா ஒரு கூடை சங்கரா மீனைத் தூக்கி வேனில் வைத்தார். போன்காரனைப் பார்த்து, "எடு தம்பி. மூஞ்சி நல்லா தெரியற மாதிரி எடு" என்றார். பின்னாலேயே இன்னொரு பெண் கூடையோடு வந்தார். பிறகு இன்னும் நாலு பேர். கடைசியில் பஞ்சாயத்துக்காரரே, "ஏலம் நடக்கட்டும், நீங்க கெளம்புங்கப்பா" என்று இளைஞர்களிடம் சொல்லிவிட்டார். பைக்குகள் முறைத்துக்கொண்டே போயின.

மதியம் கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். தயாரித்து வைத்திருந்த பேச்சை வழியிலேயே மாற்றினேன்.

கூட்டத்தில் முதலில் கரையில் நடந்ததைச் சொன்னேன். பிறகு மற்ற ஊர்களைச் சொன்னேன். டாக்காவில் என்னோடு வேலை பார்த்த பெண் மதவெறியர்களின் மிரட்டலுக்குப் பயந்து இணையத்தில் எழுதுவதை நிறுத்தினாள். கொழும்புப் பக்கம் ஒரு முஸ்லிம் துணிக்கடைக்கு வாடிக்கையாளர் வருவது மெல்ல மெல்ல நின்றது. எங்கேயும் யாரும் ஒரே நாளில் ஆட்சியைப் பிடித்துவிடவில்லை. 'இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு' என்று நல்லவர்கள் சொன்ன நாட்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் பிடித்தார்கள். ஆகவே தடுப்பதற்கும் அந்த ஒரு நாள்தான் இடம். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு மாணவி எழுந்து, "அவுங்க நாளைக்கு ஜாஸ்தி பேரோட வந்தா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ரேவதி கலாவுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அதே கேள்வியைக் கேட்டாள்.

"வரட்டும் டீச்சர். நாங்களும் இன்னிக்கிவுட ஜாஸ்தி பேரு இருப்போம். பாய நேரத்தோட வரச் சொல்லியிருக்கேன்."

போக நினைப்பவர்களுக்கு: தேவனாம்பட்டினம் ஏலத்துக்கு ஆறு மணிக்குள் போய்விடுங்கள். மீனுக்குப் பை கொண்டுபோங்கள். யாராவது அதிகாரமாகப் பேச வந்தால் நகர்ந்துவிடாமல் கூடையின் பக்கத்திலேயே நில்லுங்கள்.