ரசம் இன்னும் கொஞ்சம்

இரண்டாயிரத்தைத் தாண்டிய வருடங்கள். புனேயில், பாணேர் பகுதியில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை உட்காரவைத்து ஏரியில் ஓட்ட, பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்று தேடினேன். விற்பவர் கோயம்புத்தூர்க்காரர் என்றதும் பாதி விசாரணையை அங்கேயே முடித்துக்கொண்டேன். இந்தியில் பேரம் பேசிச் சலித்தவனுக்கு "வாங்க தம்பி" போதாதா? மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஒரு மாசமா வண்டியத் தொடலீங்க. நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. முதல்ல சாப்பிடுங்க," என்றார். ஆறிக் கிடக்கும் எஞ்சின் உடனே கிளம்பினால் நல்ல வண்டி என்று எனக்கும் தெரியும். நிம்மதியாக உட்கார்ந்தேன். டிவி அலறியது. போதும் என்றாலும் விடாமல் ரசம் ஊற்றினார்.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போன என் மனைவி திரும்பி வந்து, அவர் காதுபடவே சொன்னாள்: "பின்னாடி ரெண்டு பேர் அந்த வண்டியைக் கிளப்பப் பாடுபடறாங்க. இருமி இருமி நின்னுடுது. அது சூடாகுற வரைக்கும்தான் நமக்கு இந்த உபசாரம்."

அவர் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நடு ஏரியில நின்னுபோனா என் பொண்ணு கதி?" என்று கேட்டாள்.

"பாப்பா லைஃப் ஜாக்கெட் போட்டிருக்குமுங்களே, மிதக்கும்," என்று சிரித்தார்.

மகள் கையிலிருந்த அப்பளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தேன்.

அவரை மாதிரி ஆட்களை அப்புறமும் பார்த்திருக்கிறேன், மறந்தும் போயிருக்கிறேன். மறக்க முடியாதது வேறு. வாசலில் செருப்பை மாட்டும்போது, பழக்கதோஷத்தில், அந்த மனிதரிடம் "சாப்பாடு பிரமாதங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் எனக்குக் குமட்டுவது அதுதான்.