இது அந்த லூப் இல்லை

மாதவிடாய் வந்தால் வாரக்கணக்கில் நிற்காமல் போன காலத்தில், வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கர்ப்பப்பைய எடுத்துடு." ஃபியூஸ் போன பல்பைக் கழற்றச் சொல்வது போல. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அக்கா இதே தொந்தரவுக்காக முப்பத்தைந்து வயதிலேயே எடுத்துவிட்டவள். நானும் அதே முடிவோடுதான் திருவண்ணாமலையில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன்.

ஸ்கேன், டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டு, லூப் வைக்கலாம் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சேங்க. இனிமே எதுக்கு லூப்?"

"இது அந்த லூப் இல்லம்மா. இதுல ஹார்மோன் இருக்கு. உள்ள வெச்சா உதிரப்போக்கு கம்மியாயிடும். நல்லா இருக்கிற கர்ப்பப்பைய எதுக்கு எடுக்கணும்?"

வைத்துக்கொண்டேன். முதல் சில மாதம் லேசாகக் கறை பட்டுக்கொண்டிருந்தது, பிறகு அடங்கிவிட்டது. போன பௌர்ணமிக்கு அக்காவோடு கிரிவலம் போனேன். அடி அண்ணாமலையில் டீ குடிக்க உட்கார்ந்தோம். இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டே அக்கா கேட்டாள்.

"நான் எடுத்தப்போ இந்த லூப்பெல்லாம் இருந்துச்சாடி?"

அப்போதே இருந்தது என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தார்.

"இல்லக்கா, இப்பதான் வந்திருக்கு" என்றேன்.