இரண்டாவது தாலி

கோரிப்பாளையத்தில் முதலாளி அண்ணன் சிமென்ட் கடை போட்ட நாளிலிருந்து அவரோடு இருக்கிறேன். அவர் கவுன்சிலர் ஆனார், அப்புறம் எம்.எல்.ஏ. ஆனார். நான் அதே கடையில் மேனேஜர். வண்டியூரில் நாங்கள் குடியிருப்பதும் அவர் வீடுதான். வாடகை வாங்க மாட்டார். கொடுத்து வைத்தவன் என்று ஊரே சொன்னது. அந்தப் பெருந்தன்மைக்குப் பயந்தே நான் ஒரு நாளும் அவரிடம் முடியாது என்று சொன்னதில்லை.

என் மகளின் கல்யாணப் பத்திரிகையை அவரிடம் நீட்டியபோது, "தாலி நான்தான் எடுத்துக் குடுப்பேன் தம்பி. என் பேர மேல போட்டு வேற அடி" என்றார். அடித்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று. மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவருக்காக முகூர்த்தத்தத் தள்ளக் கூடாதுப்பா." தலையாட்டினேன். அது எனக்கு நன்றாக வரும்.

பசுமலையில் மண்டபம். வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம், பத்தரைக்கு ராகு காலம். பத்தே காலுக்கும் அண்ணனைக் காணோம். "கெளம்பிட்டாருண்ணே, வந்துக்கிட்டே இருக்காரு" என்று அவருடைய உதவியாளர் போனில் நாலாவது தடவையாகச் சொன்னான். சம்பந்தி என்னைப் பார்த்தார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். பத்தரைக்கு மூன்று நிமிடம் இருக்கையில் மகளே மாப்பிள்ளையிடம், "நீங்க கட்டுங்க" என்றாள். கெட்டிமேளம் கொட்டியது. பெற்றவன் அட்சதை போட வேண்டிய நேரத்தில் நான் மறுபடியும் வாசலைப் பார்த்தேன்.

பத்தே முக்காலுக்கு அண்ணன் வந்தார், பின்னாலேயே கேமராக்காரர்கள். கோபப்படவில்லை. என் தோளில் கை போட்டு, "அதுக்குள்ள முடிச்சுட்டியா? சரி, எடுத்துக் குடுக்குற மாதிரி ஒரு போட்டோ எடுத்துருவோம்" என்றார். கழுத்தில் ஏறிய தாலியைக் கழற்று என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நான்தான் சமையல்கட்டுக்கு ஓடி, ஒரு விரலி மஞ்சளைக் கயிற்றில் முடிந்து கொண்டுவந்தேன். என்னை யாரும் அனுப்பவில்லை. நல்ல ராகு காலத்தில் அண்ணன் அதை எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளை மறுபடியும் கட்டினார். மகள் தலையை நிமிர்த்தவே இல்லை.

சாயங்காலம் புகுந்த வீட்டுக்குக் கிளம்புகையில், அந்தக் கயிற்றைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"இது எனக்குக் கட்டுனது இல்லப்பா. நீங்களே வச்சுக்கங்க."

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி என் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்தார்கள். மஞ்சள் கயிறு இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டு, "போட்டோ ரொம்ப நல்லா வந்துருக்குண்ணே" என்றேன்.