சோப்புக் கட்டியில் ஒரு டிவி ஆட்டம்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இங்கே இங்கிலாந்தில், ஸ்டோக் நகரத்தில் தெரு முழுக்கவே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் ஐந்து வருடத்தில் அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து பெரிதாக ஒரு சத்தம் கேட்டதில்லை. எங்கள் ஊர் விருத்தாசலத்தில் பக்கத்து வீட்டுக் குழம்பில் உப்பு கூடியது வரைக்கும் நமக்குத் தெரிந்துவிடும். இங்கே ஒரு வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதே வாசலில் வைத்த பால் புட்டி உள்ளே போனதா என்று பார்த்துத்தான் தெரியும். அப்படிப்பட்ட சுவரிலிருந்து போன குளிர்காலத்தில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பிப்... பிப்... கொஞ்சம் இடைவெளி விட்டு, பாப். சாயங்காலம் ஆனால் போதும், மணிக்கணக்காக அதேதான். குழாய் ஒழுகுகிறது, பாவம் கவனிக்காமல் இருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு மனசு கேட்காமல் போய்க் கதவைத் தட்டி, பக்கத்து வீட்டு டோரினிடம், "உங்கள் வீட்டில் எங்கோ தண்ணீர் சொட்டுகிறது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். டோரின் விழுந்து விழுந்து சிரித்தாள். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே அவள் மகள் கேரனும் இன்னொரு பெண் ஜூலியும் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டிவி முழுக்கக் கறுப்பு. இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, வலது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. டிவியோடு ஒரு சின்னப் பெட்டியை இணைத்திருந்தார்கள்; அதன் குமிழைத் திருப்பினால் கோடு மேலும் கீழும் நகர்கிறது. புள்ளி வந்து கோட்டில் பட்டால் பிப், தவறிப் போனால் பாப். உள்ளதைச் சொல்கிறேன், வாயைப் பிளந்துவிட்டேன். டிவி என்றால் அது காட்டுவதை நாம் பார்க்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நாம் சொல்வதை அது கேட்கும் என்று யார் கண்டார்கள்? இப்படி ஒரு சாமானைச் செய்தவனின் கைக்கு மோதிரம் போடலாம். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டோரின் காரணம் கேட்டாள். "இது எங்கள் ஊரில் இருக்கிறது" என்றேன். "இந்தியாவிலா? இந்தப் பெட்டியா?" என்றாள். "பெட்டி இல்லை. தரையில்" என்றேன். ஏதோ ஆங்கிலம் தெரியாமல் உளறுகிறேன் என்று நினைத்து, அன்பாக என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் உளறவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், என் அத்தா, அதாவது அப்பா, படுத்த படுக்கையான பிறகு, விருத்தாசலம் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் வேகாத பச்சைப் பாத்திரத்தின் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற வேலை. எங்கள் தெருவிலிருந்து பட்டறைக்குப் போன முதல் முஸ்லிம் பெண் நான்தான். உறவுக்காரர்கள் பேசியதையெல்லாம் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது? பட்டறையில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு மணி அடித்ததும் மற்ற பெண்கள் குடோனில் கூடி உட்கார்ந்து சாப்பிட்டு விளையாடுவார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நிற்பேன். போய் உட்காரலாமா, உட்கார்ந்தால் நகர்ந்துகொள்வார்களா என்று தெரியாது. நின்றால் எந்த வம்பும் இல்லை.

அவர்கள் விளையாடியது செல்வி கண்டுபிடித்த ஆட்டம். செல்வி கம்மாபுரத்துப் பெண், என்னைவிட ஒரு வயது பெரியவள், விவசாயக் குடும்பம். பட்டறையில் கல்லும் மண்ணும் அரைக்க ஒரு பெரிய இரும்பு உருளை உண்டு. அதற்குள்ளே வெள்ளைப் பீங்கான் உருண்டைகள் கிடந்து புரண்டுகொண்டே இருக்கும். அவை அரைத்து அரைத்துத் தாமும் தேய்ந்து கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டால் வெளியே எறிந்துவிடுவார்கள். அந்த உருண்டை ஒன்று. வீட்டு மெயினில் செருகுகிற வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை, பட்டறையில் செய்ததில் விரிசல் விட்டது இரண்டு. குடோன் தரை கரி படிந்து கறுப்பு. எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து உருண்டையை உருட்ட வேண்டும், ஃபியூஸ் கட்டையைத் தரையோடு தள்ளித் தடுக்க வேண்டும். அவ்வளவுதான். டோரின் வீட்டு டிவியில் நான் பார்த்தது அச்சு அசலாக அதுதான், கறுப்பும் வெள்ளையும் உட்பட.

நான் சேர்ந்து பத்து நாள் இருக்கும். செல்வி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "என்னாத்துக்கு டெய்லி அங்கயே நிக்கிற? காலு வலிக்கல? நிக்காத, ஒக்காரு" என்றாள். "ரெண்டு பேரு ஆடுற ஆட்டம்தான..." என்று இழுத்தேன். அவள் எழுந்துபோய்க் கழிவு மேட்டிலிருந்து இன்னும் இரண்டு ஃபியூஸ் கட்டை பொறுக்கிக்கொண்டு வந்தாள். உடைந்த பீங்கான் சில்லால் தரையில் நான்கு பக்கமும் கோடு போட்டாள். "இப்ப நாலு பேரு ஆடுற ஆட்டம். ஒக்காரு" என்றாள். இன்னொரு சட்டமும் அப்போதே போட்டாள். இந்த ஆட்டத்தில் அவுட் கிடையாது. உருண்டையை விட்டவள் எழுந்துபோக வேண்டாம், அவள்தான் அடுத்த உருண்டையை உருட்ட வேண்டும். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தடுக்க வரவில்லை. அதனால் சாப்பாட்டு நேரம் முழுக்க நான்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். அந்த மூளையை என்னவென்று சொல்ல? எங்கேயோ படித்த பெரிய மனிதர்கள் கூடிச் செய்த பெட்டியில்கூட மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை. கம்மாபுரத்துச் செல்வி அரை நிமிடத்தில் இடம் செய்தாள்.

மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லாத கஷ்டம் என் மகள் ஷமீமாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவளுக்கு எட்டு வயது. கேரனையும் ஜூலியையும் விட்டால் இந்த ஊரில் அவளுக்குத் தோழி கிடையாது. பெட்டி வந்த நாளிலிருந்து தினமும் அங்கே ஓடினாள். பிறகு ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சாதம் பிசைந்துகொண்டிருந்தவள் திடீரென்று அழுதாள்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். எங்க அத்தாவும் டிவி கேம் வாங்கிட்டாங்க, ஒங்களோடத விடப் பெருசுன்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை அவுங்க ரெண்டு பேரும் பாக்க வராங்க."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பின்ன என்னம்மா, நான் நின்னுக்கிட்டே இருக்கேன். ஒரு தடவகூட குடுக்கல."

கோபித்துக்கொள்ள வாய் வரவில்லை. சூளை வேலை முடித்து வந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பொட்டி வெல தெரியுமா? என் ஒரு வாரச் சம்பளம் போனாலும் பத்தாது. ஓவர்டைம் பாத்தா ரம்ஜானுக்குள்ள வாங்கிடலாம். நாளான்னிக்கின்னா நான் எங்க போறது?" என்றார். இதைப் படிக்கிற, என்னைப் போலக் கடல் தாண்டி வந்த தாய் தகப்பன்மார்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. பிள்ளை முகம் ஒரு பக்கம், ஓவர்டைம் ஒரு பக்கம். சனிக்கிழமை அந்த இரண்டு பெண்கள் வந்து வெறும் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனால், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு இவள் எந்த முகத்தோடு யாரோடு சேர்வாள்? இரவு படுத்தபோது செல்வி நினைவுக்கு வந்தாள்.

நானும் இங்கே பீங்கான் பட்டறையில்தான் வேலை செய்கிறேன், கோப்பையின் பிசிறைச் சீவுகிற அதே வேலை. இங்கேயும் அரைக்கிற உருளை உண்டு, தேய்ந்த உருண்டைகளைக் கொட்டுகிற தொட்டி உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகிற வழியில் தொட்டியிலிருந்து இரண்டு உருண்டையைப் பொறுக்கி டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டேன். தப்பு என்று மனசில் துளிகூடப் படவில்லை. விருத்தாசலத்தில் கழிவு மேடு ஊருக்கே பொது. கீறல் விட்ட கோப்பையை டீக்கடைக்காரர் எடுப்பார், உடைந்த சில்லுகளைத் தரை போடுகிறவர் எடுப்பார். யாரையாவது கேட்டுக்கொண்டு நின்றால்தான் சிரிப்பார்கள். இங்கே அப்படி இல்லை என்பது, கேட்டில் காவல்காரர் ஆர்தர் என் பையைச் சோதித்து டப்பாவைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

ஆர்தர் உருண்டைகளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பட்டறைச் சாமான் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று தெரியாதா என்றார். "என் மகளின் டிவிக்கு" என்றேன். "டிவிக்குள் இதைப் போடுவீர்களா?" என்றார். அவர் முகம் சிவந்தது, கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். பின்னால் ஷிஃப்ட் முழுவதும் வரிசையில் நிற்கிறது. வேலை போகப்போகிறது என்ற பயத்தைவிட, நாளைக்கு ஷமீமா அந்தப் பெண்களுக்கு முன்னால் என்ன செய்வாள் என்ற நினைப்புதான் என்னைத் தள்ளியது. குளிர்கோட்டோடும் சேலையோடும் காவல் அறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உருண்டையை அவர் பூட்ஸை நோக்கி உருட்டினேன். தடுங்கள் என்று கையால் காட்டினேன். அவர் ஒன்றும் புரியாமல் பூட்ஸால் தடுத்தார். உருண்டை திரும்பி வந்தது, டிபன் மூடியால் நான் தடுத்தேன். மூன்றாவது தடவை ஆர்தர் முட்டி போட்டு உட்கார்ந்து புகையிலை டப்பாவைக் கையில் எடுத்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள், வீட்டுக்குப் போகிற அவசரத்திலும். நான்கைந்து முறை போய் வந்த பிறகு அவர் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். உருண்டைகளை மறுபடி டப்பாவில் போட்டு மூடினார். "சட்டத்தில் பாத்திரம் என்றுதான் எழுதியிருக்கிறது. இதில் யாரும் டீ குடிக்க முடியாது" என்றார். "அடுத்த முறை கேட்டுவிட்டு எடுங்கள்." அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் தினமும் குட் மார்னிங் சொல்கிறேன்.

இந்த நாட்டு வீட்டு மெயினில் நம் ஊர் ஃபியூஸ் கட்டை இல்லை. அதனால் இரண்டு வெள்ளைக் குளியல் சோப்பை வாங்கிக் கத்தியால் பாதியாக வெட்டி நான்கு ஆக்கினேன். எங்கள் சமையலறையில் தரைக்குக் கறுப்பு லினோலியம் விரிப்பு ஒட்டியிருக்கிறது. அதில் சோப்பு வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தால் செல்வியே பொறாமைப்படுவாள். சாக்பீஸால் நான்கு கோடு போட்டேன். ஆட்டத்தை ஷமீமாவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது வாசற்படியில் நின்ற கதையையும் செல்வி சொன்னதையும் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டாளே தவிர முகம் தெளியவில்லை. "அவுங்க டிவி எங்கன்னு கேப்பாங்கம்மா" என்றாள்.

கேட்டார்கள். சனிக்கிழமை கேரன் உள்ளே நுழைந்து எங்கள் பழைய டிவியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கே?" என்றாள். ஷமீமா அவர்களைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். தரையைப் பார்த்து ஜூலி களுக்கென்று சிரித்தாள். கேரன், "இது சோப்பு" என்றாள். நான் அடுப்பங்கரையில் நின்றிருந்தேன். குறுக்கே போய் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள். "நான் சொன்னது பொய். எங்களிடம் பெட்டி இல்லை. ஆனால் பெருசு என்றது நிஜம். உங்கள் டிவிக்குள் நீங்கள் உட்கார முடியுமா? இதில் உட்காரலாம். நிற்கவே வேண்டாம்" என்றாள் ஆங்கிலத்தில். தானே போய் ஒரு கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். உருண்டையை உருட்டினாள். அது கேரனின் கால் பக்கம் போனபோது, வாயாலேயே "பிப்" என்றாள்.

ஜூலிதான் முதலில் உட்கார்ந்தது. பிறகு கேரன். ஒரு மணி நேரத்தில் மூன்று வாயும் பிப், பாப் என்று கத்திக்கொண்டிருந்தன. மகளைத் தேடி வந்த டோரின் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "தரையில்!" என்றாள் என்னைப் பார்த்து. அன்றைக்கு நான் சொன்னது இன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. என் மகளை நினைத்து எனக்கு ஏற்பட்ட பெருமையை எழுதினால் கண் பட்டுவிடும், விட்டுவிடுகிறேன்.

அந்தப் பெட்டி இன்னும் டோரின் வீட்டில்தான் இருக்கிறது, மழை நாளில் பிப் சத்தமும் கேட்கிறது. குறை சொல்லவில்லை, நல்ல பெட்டி. ஆனால் மூன்றாவது ஆள் வந்துவிட்டால் பிள்ளைகள் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் சமையலறைக்கு வந்துவிடுகிறார்கள். போன வாரமும் வந்தார்கள். மூன்று பக்கமும் மூன்று பேர். நான் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். கேரன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். காலியாக இருந்த நாலாவது கோட்டைக் காட்டி, "நிக்காத, ஒக்காரு" என்றாள்.

தமிழில் சொன்னாள். ஷமீமா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பெரியவர்களிடம் 'ங்க' போட வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? செல்வி சொன்ன மாதிரியே, ஒரு எழுத்து மாறாமல். இந்த ஊருக்கு வந்து ஐந்து வருடமாக நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோப்பைக் கையில் பிடித்தேன். உருண்டை நேராக என் பக்கம்தான் வந்தது. தெரிந்தும் தடுக்கத் தோன்றவில்லை, மனசால் நான் பழைய குடோன் தரையில் இருந்தேன். அது என்னைத் தாண்டிப் போய்க் கதவில் முட்டி நின்றது.

"விட்டவங்கதான் உருட்டணும்மா" என்றாள் ஷமீமா.

எடுத்துக்கொண்டு வந்தேன். எந்தப் பக்கம் உருட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.